மன்றத் தீர்மானமும் ஊர்க் கிணறும்



1924 ஆகஸ்டு 22. சென்னை மாகாணச் சட்டமன்றம் வழக்கம்போல் கூடிற்று. வினா, விடை, தீர்மானம் என்னும் அன்றாட அலுவல்களுக்கிடையே இரட்டைமலை சீனிவாசன் எழுந்தார். பொதுத் தெருவில் நடக்கவும், பொதுக் கிணற்றில் நீர் எடுக்கவும், பொது அலுவலகத்துள் நுழையவும் எவருக்கும் தடையில்லை எனத் தீர்மானம் கொணர்ந்தார். மன்றம் ஏற்றது, அரசாணையும் பிறந்தது.

அந்நாளில் நம் தருமபுரி சேலம் மாவட்டத்துள் அடங்கியிருந்தது. ஆகவே அவ்வாணை நமக்கும் உரியதே. ஆயினும் ஆணை பிறந்த அன்றே ஊர்க் கிணறுகள் திறந்துவிடவில்லை. பம்பாய் மன்றம் இத்தகைய தீர்மானத்தை 1923-லேயே நிறைவேற்றியது. எனினும் மகாடு குளத்து நீரை அள்ள, 1927 மார்ச்சில் அண்ணல் அம்பேத்கர் மக்களைத் திரட்டி நடக்க வேண்டியிருந்தது.

தீர்மானம் உரிமையை எழுதித் தரும். அதைப் படித்து, கூடி நின்று கேட்பது நம் கடமை. அதற்காகவே 25 ஆண்டுகளாக நாம் கல்விப் பணி புரிந்து வருகிறோம். இளைஞர்களே! கிராம சபை கூடும்போது தவறாது செல்லுங்கள். தீர்மானப் பதிவேட்டைக் கேட்டு வாங்கிப் படியுங்கள். படித்த பின்னரே கையொப்பமிடுங்கள்.