கராஜில் கட்டிய வள்ளம்



கடந்த மாரியில் ஸ்காபரோவில் எங்கள் வீட்டுக் கராஜுக்குள் நானும் மகளும் சேர்ந்து ஒரு சின்னப் பாய்வள்ளம் கட்டினோம். பதினோரு அடி நீளம், இரண்டு பேர் இருக்கலாம். அதைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன்.

என் அப்பா மன்னார்க் கரையில் ஓடாவியாக இருந்தவர். 1990ஆம் ஆண்டு ஆனி மாதம் மீண்டும் சண்டை தொடங்கியபின், இரவோடு இரவாக வள்ளத்தில் இராமேஸ்வரம் போய்ச் சேர்ந்தோம். அன்றைக்குப் பிறகு நான் வள்ளத்தில் ஏறியதில்லை. காரணத்தைப் பிள்ளைகளுக்குச் சொன்னதுமில்லை. மகள் பாய்வள்ளம் ஓட்டப் பழகப் போகிறேன் என்றபோது வேண்டாம் என்றேன். "அப்பப்பா வள்ளம் கட்டினவர்தானே, உங்களுக்கு மட்டும் ஏன் பயம்?" என்று கேட்டாள். என்னிடம் பதில் இல்லை. "முதல்ல கட்டுவம், பிறகு பார்ப்பம்" என்று சமாளித்தேன்.

இப்படி வீட்டிலேயே வள்ளம் கட்டும் முறையைப் பரவலாக்கியது, 1963இல் இங்கிலாந்தில் டெய்லி மிரர் பத்திரிகையின் ஆதரவோடு வந்த 'மிரர்' வள்ளம். ஜாக் ஹோல்ட், பாரி பக்னெல் என்ற இருவர் வடிவமைத்தது. இதுவரை 70,000க்கும் மேல் கட்டியிருக்கிறார்கள். மெல்லிய பிளைவுட் பலகைகளை அளவாக வெட்டி, விளிம்புகளில் துளையிட்டு, செப்புக் கம்பியால் தைக்கவேண்டும். பிறகு மூட்டுகளைப் பசையாலும் கண்ணாடி இழை நாடாவாலும் மூடவேண்டும். இன்று அந்தப் பசை பெரும்பாலும் எப்பொக்சி. தைப்பது நமக்குப் புதிதல்ல. சோழமண்டலக் கரையில் மசூலாப் படகுகளை ஆணியில்லாமல் தும்புக் கயிற்றால்தான் தைத்தார்கள்.

எப்பொக்சி இரண்டு திரவம். பிசினையும் ஹார்டனரையும், டப்பாவில் போட்டிருக்கும் அளவுப்படி கலக்கவேண்டும். இங்கேதான் நான் பிழை விட்டேன். தை மாதக் குளிரில் பசை இறுகவில்லை. ஹார்டனரைக் கூட்டி ஊற்றினால் கெதியாக இறுகும் என்று நினைத்தேன். அது எப்பொக்சிக்குப் பொருந்தாது. அளவு பிசகினால் பசை முழுதாக இறுகவே மாட்டாது. ஒரு பக்கத்து மூட்டு முழுவதும் அல்வா மாதிரிப் பிசுபிசுத்துக் கிடந்தது. இரண்டு கிழமை இருந்து சுரண்டினோம்.

தலையைக் குனிந்து சுரண்டிக்கொண்டிருக்கும்போதுதான் அந்த இரவைப் பற்றிச் சொன்னேன். பதினாறு பேர் ஏறினோம். வெளிச்சம் இல்லை, கதைக்கவும் கூடாது. வள்ளம் அப்பா கட்டியது. "அது ஒழுகேல்லையா?" என்று மகள் கேட்டாள். "ஒழுகினது பிள்ளை. அவ்வளவு பேர் ஏறினால் ஒழுகாதா? விடியுமட்டும் அப்பப்பா தண்ணி இறைச்சுக்கொண்டு வந்தவர்" என்றேன். அவள் சுரண்டுவதை நிறுத்தவில்லை. நானும் நிறுத்தவில்லை.

நேயர்களே, வல்வெட்டித்துறையில் கட்டிய 89 அடிப் பாய்க்கப்பல் 'அன்னபூரணி அம்மாள்' பற்றி நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். வில்லியம் ரொபின்சன் என்ற அமெரிக்கர் வாங்கி, 'புளோரன்ஸ் சி. ரொபின்சன்' என்று பெயர் மாற்றிய கப்பல் அது. 1938 ஆகஸ்டில் மசாசுசெற்ஸ் மாநிலத்தின் குளொஸ்ரர் துறைமுகத்தை அடைந்தது. அந்தப் பெருமையை மேடையில் சொல்கிறோம், சொல்லத்தான் வேண்டும். ஆனால் பிள்ளையின் கையில் ஒரு வாளையோ சீவுளியையோ கொடுத்து, பக்கத்தில் இருந்து வேலை பழக்குகிறோமா? என் வீட்டில் முப்பது வருடமாக வாய்க்கு வராத கதை, கை வேலை செய்தபோதுதான் வந்தது.

கட்ட நினைப்பவர்களுக்குச் சில சொல்கிறேன். கராஜைச் சூடாக்கி வையுங்கள். பத்துப் பாகை செல்சியசுக்குக் கீழே பெரும்பாலான எப்பொக்சி மிக மந்தமாகத்தான் இறுகும். அளவைக் கண்ணால் மட்டுக்கட்டாமல் நிறுத்தோ அளந்தோ கலவுங்கள். சின்னக் கோப்பையில் நிறையக் கலந்து வைத்தால் தானே சூடேறிப் புகைக்கும். அகன்ற தட்டில் கொஞ்சம் கொஞ்சமாகக் கலவுங்கள். கையுறை கட்டாயம், தோலில் திரும்பத் திரும்பப் பட்டால் ஒவ்வாமை வரும், வந்தால் போகாது. காற்றோட்டம் வேண்டும். வெயில் எப்பொக்சியைக் கெடுக்கும், ஆகவே மேலே பெயின்ற் பூசுங்கள். தண்ணீரில் இறங்கும்போது ஆளுக்கு ஒரு உயிர்காப்பு அங்கி. ஒன்ராறியோ ஏரி கோடை தொடங்கியபிறகும் உடலை விறைக்கவைக்கும் குளிர்.

ஆடி மாதம் ப்ளவ்வர்ஸ் பார்க்கில் இறக்கினோம். மகள் ஏற்கெனவே வகுப்புக்குப் போய்ப் பழகியிருந்தாள். சுக்கானைப் பிடித்தபடி, "ஏறுங்கோ அப்பா" என்றாள். கால் நடுங்கியது, ஏறினேன். கொஞ்சத் தூரம் போனதும், நான் சுரண்டி ஒட்டிய மூட்டில் தண்ணீர் கசிந்தது. டப்பாவை எடுத்து இறைக்கத் தொடங்கினேன். மகள் என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

கரைக்கு வந்து அந்த மூட்டைத் திரும்ப ஒட்டினோம். இப்போது ஒழுகுவதில்லை.