மணி ஓசையோடு ஓர் ஓட்டம்

(பங்கின் யூபிலி விழாவையொட்டி நடைபெற்ற இளைஞர் கூட்டத்தில் பங்குத்தந்தை ஆற்றிய உரை)



யூபிலி விளையாட்டுகளில் ஓட்டப் பந்தயமும் இடம்பெற வேண்டும் என்று நம் இளைஞர்கள் கேட்டுக்கொண்டார்கள். அதை முன்னிட்டு ஓர் ஓட்டத்தின் வரலாற்றையே இன்று உங்கள் முன் வைக்க விரும்புகிறோம். ஓட்டத்துக்கும் கோவிலுக்கும் என்ன சம்பந்தம் என்று சிலர் எண்ணலாம். புனித சின்னப்பர் கொரிந்து நகரத்தாருக்கு எழுதியபோது பந்தயத் திடலையே உவமையாகக் காட்டினார். அந்நகருக்கு அருகே இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை பெரும் விளையாட்டு விழா நடந்து வந்தபடியால், அவர் சொன்னது அம்மக்களுக்கு உடனே விளங்கியிருக்கும்.

நாம் கூற வந்த ஓட்டம் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் நகரில், டிரினிட்டி கல்லூரியில் நடப்பது. பரிசுத்த திரித்துவத்தின் பெயரால் 1546-ம் ஆண்டு எட்டாம் ஹென்றி மன்னர் நிறுவிய கல்லூரி அது. ஈரோட்டில் பிறந்த கணித மேதை இராமானுஜன் 1914-ல் சென்று சேர்ந்ததும், 1918-ல் ஆய்வறிஞராகத் தேர்ந்தெடுக்கப்பட்டதும் அங்கேதான்.

அக்கல்லூரியின் பெரிய முற்றத்தில் ஒரு மணிக்கூண்டு உண்டு. அந்தக் கடிகாரத்துக்கு ஒரு விசித்திரமான வழக்கம். ஒவ்வொரு மணியையும் அது இருமுறை அடிக்கும். முதலில் தாழ்ந்த ஒலியில், பின்பு உயர்ந்த ஒலியில். ஆகவே நண்பகல் 12 மணிக்கு 24 அடிகள் கேட்கும். முதல் அடிக்கும் கடைசி அடிக்கும் இடையே ஏறக்குறைய 43 முதல் 44½ விநாடிகள்தான். சாவி கொடுத்து எத்தனை நாளாயிற்று என்பதைப் பொறுத்துக்கூட இது சற்றே மாறும். முற்றத்தைச் சுற்றி வரும் தூரமோ சுமார் 367 மீட்டர். மணி அடிக்கத் தொடங்கியதும் புறப்பட்டு, கடைசி அடி விழுமுன் சுற்றி முடிக்க வேண்டும். புதிய மாணவர்களுக்கு விருந்தளிக்கும் நாளின் நண்பகலில் இப்படி ஓடிப்பார்ப்பது மாணவர்களின் மரபு.

ஓடியவர் பலர், வென்றவரை விரல்விட்டு எண்ணிவிடலாம். 1927-ல் பர்க்லி பிரபு என்னும் மாணவர் மணியை முந்தினார். அவர் டிரினிட்டி மாணவரும் அல்லர். நம் புனித மகதலா மரியம்மாளின் பெயர்கொண்ட வேறொரு கேம்பிரிட்ஜ் கல்லூரியைச் சேர்ந்தவர். மறு ஆண்டே ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்கில் 400 மீட்டர் தடை ஓட்டத்தில் தங்கம் வென்றார். 1981-ல் வெளிவந்த ‘சேரியட்ஸ் ஆஃப் ஃபயர்’ என்ற திரைப்படமோ, இந்த வெற்றியை ஹெரால்ட் ஆபிரகாம்ஸ் என்பவருக்குச் சூட்டிவிட்டது. அவர் 1924-ல் பாரிஸில் 100 மீட்டர் தங்கம் வென்ற வீரர்தான். ஆனால் மணியை முந்தியவர் அவர் அல்லர். திரையில் கண்டதே மெய்யென்று பலரும் நம்பிவிட்டனர்.

1988 அக்டோபரில் ஒரு தரும காரியத்துக்காக உலகப் புகழ்பெற்ற செபாஸ்டியன் கோவும் ஸ்டீவ் கிராமும் அதே முற்றத்தில் ஓடினார்கள். இரண்டு ஒலிம்பிக்கில் 1500 மீட்டர் தங்கம் பெற்றவர் கோ. அவர் கிராமை வென்றார், மணியை வெல்லவில்லை. கடைசி அடி விழுந்தபோது அவருக்கு இன்னும் சில மீட்டர் தூரம் பாக்கியிருந்தது. 2007-ல் பொருளாதாரம் பயிலும் ஒரு மாணவர் 42.77 விநாடிகளில் ஓடி மணியை முந்திக் காட்டினார்.

அன்பர்களே, இவ்வோட்டத்தில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. இங்கே எதிராளி பக்கத்தில் ஓடும் தோழன் அல்லன், மணியே எதிராளி. பத்துப் பேர் முந்தினால் பத்துப் பேருக்கும் வெற்றி. ஒருவர் ஜெயிக்க மற்றவர் தோற்க வேண்டியதில்லை.

மணியோடு ஓடுவது ஓசூர்க்காரருக்குப் புதிதல்ல. 1980-களிலிருந்து இந்தியா முழுவதற்கும் கைக்கடிகாரம் செய்து அனுப்பும் ஊர் நம்முடையது. சிப்காட் வந்த நாளிலிருந்து ஷிப்டும் கம்பெனி பஸ்ஸும் ஆலைச் சங்குமே நம் நாளைப் பங்கிட்டு வருகின்றன. ஆனால் அந்த முற்றத்து மாணவர் தாமாக விரும்பி ஓடினார். தோற்றாலும் விருந்துக்குப் போய் அமர்ந்தார். நம் பிள்ளைகள் ஓடாவிட்டால் கூலி போகும். ஒப்பந்தத் தொழிலாளியாயின் வேலையே போகும். சங்கு ஊதுமுன் சேர்ந்துவிட வேண்டுமென்று நெடுஞ்சாலையில் மோட்டார் சைக்கிளில் பறந்த பிள்ளைகளுக்கு இக்கோவிலில் நாம் அடக்கத் திருப்பலி நிறைவேற்றியிருக்கிறோம். அந்தத் தாய்மார்கள் இன்றும் நம் நடுவே அமர்ந்திருக்கிறார்கள்.

பாரிஸ் ஒலிம்பிக்கில் ஓடிய இன்னொருவரையும் நினைவுகூர்வோம். எரிக் லிடெல், ஸ்காட்லாந்து நாட்டவர், நம் பிரிந்த சகோதரர்களுள் ஒருவர். 100 மீட்டர் தகுதிச் சுற்று ஞாயிற்றுக்கிழமையில் விழுந்ததால் அதில் ஓட மறுத்தார். 400 மீட்டரில் ஓடி 47.6 விநாடிகளில் தங்கம் பெற்றார். மறு ஆண்டு சீன நாட்டுக்கு மறைப்பணிக்குச் சென்று, 1945-ல் அங்கே ஜப்பானியர் அமைத்த தடுப்பு முகாமில் உயிர் நீத்தார். ஞாயிறன்றும் மிஷின் ஓட்ட வேண்டிய ஏழைத் தொழிலாளியை நாம் குறைகூறவில்லை. மேலும் ஒரு ஷிப்டு பார்க்கத் தம் உடன்பிறப்பைத் தூண்டும் வீட்டாரையும், ஆள் அனுப்பும் காண்டிராக்டர்களாய் நம் பங்கில் இருப்போரையுமே கேட்கிறோம்: வாரத்தில் ஒரு நாள் அவர்களை ஓடாமல் இருக்க விடுங்கள்.

யூபிலி என்னும் சொல் ஆட்டுக் கொம்பைக் குறிக்கும் எபிரேயச் சொல்லிலிருந்து வந்தது. ஐம்பதாம் ஆண்டில் அக்கொம்பு ஊதப்பட்டால் அடிமை வீடு திரும்புவான். நிலமும் ஓய்வு பெறும். நம் கோவில் மணியும் அந்த இனத்தைச் சேர்ந்ததே. நண்பகலில் திரிகால ஜெபத்துக்கு அது ஒலிக்கும்போது, கை வேலையைச் சற்றே நிறுத்தச் சொல்கிறது, விரட்டுவதில்லை.

ஆகவே திருவிழா ஓட்டத்தை இப்படி நடத்தத் தீர்மானித்துள்ளோம். கோவில் மணி அடிக்கத் தொடங்கியதும் எல்லோரும் புறப்படுவர். மணி ஓய்வதற்குள் கோவிலைச் சுற்றி வந்தவர் அனைவருக்கும் ஒரே பரிசு. தமிழர், தெலுங்கர், கன்னடர் என்ற பேதமின்றியும், ஒடிசாவிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வந்து நம் தெருக்களில் அறை எடுத்துத் தங்கியிருக்கும் பிள்ளைகளைச் சேர்த்துக்கொண்டும் ஓடுவோம். அவர்களை அழைத்து வரும் பொறுப்பு வீட்டுக்கார அம்மாமார்களுடையது. பிந்தி வருகிறவருக்கும் பந்தியில் இடம் உண்டு.

எல்லாம் வல்ல இறைவன் உங்கள் அனைவரையும், சிறப்பாக இரவு ஷிப்டு முடித்துத் தூங்காமல் இங்கு வந்திருக்கும் பிள்ளைகளையும், ஆசீர்வதிப்பாராக. ஆமென்.