தத்தெடுப்பும் நிறுவனங்களின் பொறுப்பும்

கோலார் தங்கவயலின் சுரங்கங்கள் 2001 பிப்ரவரி 28ஆம் நாள் மூடப்பட்டன. அதன்பின் ராபர்ட்சன்பேட்டை, மாரிக்குப்பம், சாம்பியன் ரீப் பகுதிகளைச் சேர்ந்த தமிழ்க் குடும்பங்கள் பல, நாள்தோறும் இரயிலேறிப் பெங்களூரு சென்று செய்யும் வேலையை நம்பி வாழ்ந்து வருகின்றன. வேலையிழப்பும் நோயும் ஒரு குடும்பத்தைச் சூழும்போது, “வசதியுள்ள இடத்தில் வளரட்டும்” என்ற நல்லெண்ணத்துடனேயே குழந்தை வேறு கைக்கு மாறிவிடக்கூடும். அந்தக் கை கொடியதாக அமைந்துவிட்டால் பொறுப்பேற்பவர் யார்?

இக்கேள்வி நீதிமன்றங்களை எட்டியுள்ளது. 1989இல் மும்பையிலிருந்து அமெரிக்காவுக்குத் தத்தாக அனுப்பப்பட்ட சிறுமி ஒருத்தி, வளர்ப்பு இல்லத்தில் கொடுமைக்குள்ளாகிப் பல வீடுகள் மாறி வளர்ந்ததாகக் கூறினார். அவருக்குக் குடியுரிமை பெற்றுத் தரப்படவில்லை. பின்னர் ஒரு குற்ற வழக்கில் தண்டனை பெற்ற அவர், 2008இல் இந்தியாவுக்கு நாடு கடத்தப்பட்டார். பம்பாய் உயர் நீதிமன்றத்தில் நீதி கோரினார்.

தென்கொரியாவிலிருந்து 1979இல் அமெரிக்கா சென்ற ஒருவரின் நிலையும் இதுவே. இரு வளர்ப்புக் குடும்பங்களில் துன்புற்று, 2016இல் நாடு கடத்தப்பட்ட அவர், தம்மை அனுப்பிய ஹோல்ட் நிறுவனத்தின் மீதும் கொரிய அரசின் மீதும் 2019இல் வழக்குத் தொடர்ந்தார். 2023இல் சியோல் நீதிமன்றம், நிறுவனம் 10 கோடி வொன் இழப்பீடு தரவேண்டுமெனத் தீர்ப்பளித்தது. அரசின் மீதான கோரிக்கையை ஏற்கவில்லை. 2025இல் மேல்முறையீட்டில் இழப்பீட்டு ஆணையும் நிலைக்கவில்லை. இழந்த இளமையை வழக்கு மீட்டுத் தராது. பல ஆண்டுகள் கடந்தபின் பொறுப்பை நிலைநாட்டுவதும் எளிதன்று. ஆகவே உண்மையான பாதுகாப்பு, குழந்தையை ஒப்படைக்கும் முன்பும் ஒப்படைத்த பின்பும் செய்யப்படும் கண்காணிப்பிலேயே உள்ளது.

இந்தியாவில் இதற்கு அடிகோலியது உச்ச நீதிமன்றத்தின் 1984ஆம் ஆண்டுத் தீர்ப்பாகும். வழக்கறிஞர் லட்சுமி காந்த் பாண்டே எழுதிய கடிதத்தையே மனுவாக ஏற்ற நீதிமன்றம், வெளிநாட்டுத் தத்தெடுப்புக்கு வளர்ப்புக் குடும்பம் பற்றிய ஆய்வறிக்கையையும், பின்னர் குழந்தையின் முன்னேற்ற அறிக்கைகளையும் கட்டாயமாக்கியது. மத்திய தத்தெடுப்பு அமைப்பு 1990இல் தோன்றியது. தற்போதைய விதிகளின்படி, உள்நாட்டில் தத்தளிக்கப்பட்ட குழந்தையை ஈராண்டுகள் ஆறு மாதங்களுக்கொருமுறை நிறுவனம் பார்வையிடவேண்டும். வெளிநாட்டிலோ, முதலாண்டில் மூன்று மாதங்களுக்கொருமுறையும், இரண்டாமாண்டில் ஆறு மாதங்களுக்கொருமுறையும் அறிக்கை அனுப்பப்படவேண்டும்.

இடைத்தரகர் வழியே கைமாறும் குழந்தைக்கோ இவற்றுள் எதுவும் இல்லை. அதன் பெயர் எந்தப் பதிவேட்டிலும் ஏறுவதில்லை. குழந்தையை விலைக்கு விற்பதும் வாங்குவதும் 2015ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டப்படி ஐந்தாண்டு வரை கடுங்காவல் தண்டனைக்குரிய குற்றமாகும். வளர்க்க இயலாத பெற்றோர் மாவட்டக் குழந்தைகள் நலக் குழுவின் முன் சென்று குழந்தையை ஒப்படைக்கலாம். முடிவை மாற்றிக்கொள்ள 60 நாட்கள் அவகாசம் உண்டு. வறுமை ஒன்றே காரணமாயின் பிரிவே தேவையில்லை. தகுதியுள்ள குடும்பங்களுக்கு, மிஷன் வாத்சல்யா திட்டத்தின் கீழ் குழந்தைக்கு மாதம் 4,000 ரூபாய் ஆதரவுத்தொகை கிடைக்கும். குழந்தை துன்புறுவதை அறிந்த எவரும் 1098 என்ற எண்ணில் தெரிவிக்கலாம்.

தத்தெடுப்பு, குழந்தையை ஒப்படைத்த நாளோடு முடிவதன்று. பார்வையிட வேண்டியவர் உரிய நாளில் அவ்வீட்டுக்குச் செல்வாராயின், குழந்தை வளர்ந்து நீதிமன்றப் படியேற நேராது.