பூனைக்குக் காம்பரா இலக்கம் தெரியாது

(தோட்டக் குடும்பங்களுக்கான மாலைக் கூட்டமொன்றில் நாங்கள் பேசியதன் எழுத்து வடிவம்)



கொழுந்து நிறுத்து, பிள்ளைக்காம்பராவிலிருந்து பிள்ளையையும் தூக்கிக்கொண்டு வந்த களைப்போடு உட்கார்ந்திருக்கிறீங்க. நீட்டாமல் பேசுகிறோம். இன்றைக்குப் பூனையைப் பற்றி. சிரிக்கிறீங்க. சம்பளம், தண்ணி, கூரைப் பிரச்சினை இருக்கும்போது பூனையா என்று கேட்கலாம். ஆனால் எங்களிடம் வருகிற பக்கத்து வீட்டுச் சண்டைகளில் கோழி, நாய், பூனை என்று தொடங்கியவை கொஞ்சமல்ல.

நாங்கள் பார்த்த ஒன்றைச் சொல்கிறோம். தோட்டத்தின் பெயர் வேண்டாம். அடுத்தடுத்த காம்பரா. இரண்டு அம்மாமாரும் ஒரே மலையில் கொழுந்து எடுப்பவர்கள். ஒருவர் வளர்த்த கடுவன் பூனை, மற்றவர் வைத்திருந்த கருவாட்டைத் தூக்கிக்கொண்டு போய்விட்டது. சம்பளத்துக்கு முந்தின கிழமை, கடையில் கடனுக்கு வாங்கின கருவாடு. "உன் பூனையைக் கட்டி வை" என்றார் ஒருவர். "பூனையை யாராவது கட்டுவாங்களா, நீ சட்டியை மூடி வை" என்றார் மற்றவர். அதோடு முடிந்திருக்கலாம். இரண்டு நாளில் கோழிக்குஞ்சு ஒன்றைக் காணவில்லை. பருந்தோ கீரியோ, யார் கண்டார்? பழி பூனைமேல் விழுந்தது. பிறகு பேச்சு பூனையை விட்டுப் பெத்தவங்க வரைக்கும் போனது. பீலிக்கரையில் குடம் உருண்டது. ஒரு ராத்திரி, கருவாட்டுத் துண்டில் எலிமருந்தைத் தடவி இஸ்தோப்பு ஓரத்தில் வைத்துவிட்டார்கள்.

விடியற்காலையில் அந்தத் துண்டைக் கையில் எடுத்தது பூனையல்ல. வைத்தவருடைய இரண்டு வயதுப் பேரன். வாய்க்குப் போகுமுன் ஓடிவந்து தட்டிவிட்டவர் பூனை வளர்த்த அம்மா. இதற்குப் பிறகு இரண்டு பேரும் கட்டிப்பிடித்து அழுதார்கள் என்று நினைக்காதீங்க. அதற்குப் பிறகும் இரண்டு மாதம் முகம் பார்க்கவில்லை. சொன்ன வார்த்தை அவ்வளவு ஆழம்.

இதில் ஒன்றைக் கவனிக்க வேணும். 10 அடிக்கு 12 அடி காம்பரா, ஒரே கூரை. பழைய லயங்கள் சிலவற்றில் குறுக்குச் சுவர் தகரம் வரைக்கும் போவதில்லை. ஒரு வீட்டு அட்டலில் ஏறின பூனை மூன்றாம் வீட்டு அட்டலில் இறங்கும். அரிசி மாவைத் தின்ன வருகிற எலியும் அதே வழியில்தான் ஓடுகிறது. அந்த எலியைப் பிடிக்கும்போது பூனை லயத்துப் பூனை. கருவாட்டை எடுக்கும்போது மட்டும் அது உங்கள் பூனை, அப்படித்தானே? வளர்க்கிறவர் பொறுப்பு எடுக்க வேணும், மற்றவரும் வழியை அடைக்க வேணும். இரண்டும் சேர்ந்தால்தான் சரிவரும்.

வளர்க்கிறவர்களுக்கு: அந்திக்கு ஒரு பிடி சோறு உங்கள் வீட்டிலேயே போடுங்க. பசித்த பூனைதான் அதிகம் அலையும். அது எதையாவது கெடுத்தால், கேட்குமுன் நீங்களே போய், "அக்கா, என்ன போச்சு, நான் தாறேன்" என்று சொல்லுங்க. முழுக் காசு இல்லாவிட்டாலும் பாதியைக் கொடுங்க. பெட்டைப் பூனை இரண்டு மாதத்தில் குட்டி போடும். வருசத்துக்கு இரண்டு மூன்று தடவைகூடப் போடும். குட்டிகளைச் சாக்கில் கட்டி அடுத்த டிவிசனில் விடுவது தீர்வல்ல, அங்கே இன்னொரு சண்டை. அரசாங்க மிருக வைத்தியரிடம் கருத்தடையையும் விசர் நோய்த் தடுப்பூசியையும் பற்றிக் கேளுங்க. கருத்தடை செய்த கடுவன் ஊர்சுற்றுவதும், சுவரில் நாற்றமாகப் பெய்வதும் குறையும். பீயை அன்றன்றே அள்ளிப் புதையுங்க. கர்ப்பிணிகள் அதைத் தொட வேண்டாம். அதிலிருந்து தொற்றும் ஒரு நோய் வயிற்றுப் பிள்ளையைத் தாக்கக்கூடும்.

மற்றவர்களுக்கு: கருவாட்டை மூடியுள்ள டின்னில் போடுங்க, அல்லது உறியில் தொங்கவிடுங்க. குஞ்சுகளை ராத்திரியில் கூடையால் கவிழ்த்து மூடுங்க. முறைப்பாடு இருந்தால் அந்த அம்மாவிடமே தனியாகச் சொல்லுங்க. பீலிக்கரையில், பத்துப் பேர் கேட்க, வேண்டாம். ஐயாமார் கொஞ்சம் போட்டுக்கொண்டு வந்த நேரத்தில் இந்தக் கதையை எடுக்கவே வேண்டாம். (சில ஐயாமார் முகத்தைத் திருப்புவது தெரியுது.)

பூனை கடித்தாலோ பிறாண்டினாலோ சண்டையை விட்டுவிட்டு, ஓடுகிற தண்ணியில் சவர்க்காரம் போட்டு 15 நிமிசம் கழுவி, அன்றைக்கே அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போங்க. விசர் நோய் நாயால் மட்டுமல்ல, பூனையாலும் வரும். வந்தபின் காப்பாற்றுவது அனேகமாக முடியாது. கடித்த பூனையை அடித்துக் கொன்று எறியாதீங்க. அது எப்படியிருக்கிறது என்று டொக்டர் கேட்பார்.

பேசியும் தீராவிட்டால் தலைவரிடம் போகலாம். அங்கேயும் முடியாவிட்டால் மத்தியஸ்த சபை இருக்கிறது. 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டத்தில் உண்டானது. சட்டத்தரணி தேவையில்லை. தண்டிக்கிற இடமுமல்ல, இரண்டு பக்கமும் ஒத்துக்கொண்டால்தான் முடிவு.

முதலில் சொன்ன அந்த இரண்டு வீட்டிலும், அட்டலுக்கு மேலிருந்த இடைவெளியைக் கம்பிவலை போட்டு அடைத்தோம். ஏணியை ஒருவர் பிடித்தார், ஆணியை மற்றவர் எடுத்துக்கொடுத்தார். அந்த இடைவெளி உள்ள காம்பராக்காரர் போகுமுன் இலக்கத்தைச் சொல்லிவிட்டுப் போங்க. ஞாயிற்றுக்கிழமை அளவெடுக்க வருகிறோம்.