பள்ளிக்கூடம் யாருடையது?

(எமது சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய பேச்சு)

 

இன்று பெற்றோர் இருவர் எங்கே சந்திப்பினும் பேச்சு ஒன்றே. “ஊர்ப் பள்ளிக்கூடம் சரியில்லை, பிள்ளையை எப்படியாவது பட்டணத்துப் பெரிய கல்லூரியிற் சேர்த்துவிடவேண்டும்” என்பதே அது. ஊர்ப் பள்ளிக்கூடம் ஏன் சரியில்லை என்று கேட்போர் மிகச் சிலர். அக்கேள்வியையே இன்று உங்கள்முன் வைக்க விரும்புகிறேன்.

1848ஆம் ஆண்டில் ஆறுமுக நாவலர் வண்ணார்பண்ணையிற் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கினார். 1923இல் தோன்றிய சைவ வித்தியா விருத்திச் சங்கம், இராசரத்தினம் அவர்களின் அயராத உழைப்பினால், ஊர்கள் பலவற்றிற் பாடசாலைகளை நிறுவியது. அந்நாளிற் காணி கொடுத்தோர் சிலர். மரமும் ஓலையும் கொடுத்தோர் சிலர். பிடியரிசி கொடுத்தோர் பலர். ஆகவே, ‘இது எங்கள் பள்ளிக்கூடம்’ என்ற எண்ணம் ஊராருக்கு இருந்தது.

பின்னர் 1945இல் கன்னங்கரா அவர்களின் முயற்சியால் இலவசக் கல்வி வந்தது. 1960, 1961ஆம் ஆண்டுச் சட்டங்களால் உதவி பெற்ற பாடசாலைகளிற் பெரும்பாலானவற்றை அரசாங்கம் ஏற்றது. 1980இலிருந்து பாடநூல்களும் இலவசமாயின. இவற்றால் ஏழைப் பிள்ளைகள் பெற்ற நன்மை பெரிது. ஆனால், அரசாங்கத்திடம் பள்ளிக்கூடத்தைக் கொடுத்தபோது நமது பொறுப்பையும் சேர்த்துக் கொடுத்துவிட்டோம். சட்டம் அதைக் கேட்கவில்லை, நாமாகவே கொடுத்தோம்.

விளைவு என்ன? நாட்டிலுள்ள ஏறக்குறைய 10,000 அரசாங்கப் பாடசாலைகளுள் உயர்தர விஞ்ஞான வகுப்பு நடைபெறுபவை பத்தில் ஒரு பங்களவே. நூறு மாணவருமில்லாதவை ஏறக்குறைய 3,000. வசதியுள்ளவர் தம் பிள்ளையைப் பட்டணத்துக்கு மாற்றுகிறார். மாணவர் தொகை குறைய, ஆசிரியர் தொகையும் குறைகிறது. அதைக் கண்டு மேலும் சிலர் மாற்றுகின்றனர். இறுதியில் எஞ்சுவோர் பஸ்ஸுக்குக் காசில்லாத வீட்டுப் பிள்ளைகள். குறையை எடுத்துச் சொல்லத் தெரிந்த பெற்றோர் யாவரும் போய்விட்டபின், அப்பிள்ளைகளுக்காகப் பேசுவார் யார்?

“ஊருக்காக என் பிள்ளையின் எதிர்காலத்தைப் பலியிடுவதா?” என்று ஒருவர் கேட்கலாம். நியாயமான கேள்வி. பலியிடுமாறு நான் கூறவில்லை. மாற்றுமுன் ஒருமுறையாவது அப்பள்ளிக்கூடத்தைத் திருத்த முயன்றோமா என்றே கேட்கிறேன்.

முயல்வதற்கு வழியுண்டு. ஒவ்வொரு பாடசாலையிலும் அபிவிருத்திச் சங்கம் இருக்கிறது. பெற்றோர் அதில் அங்கத்தவர். கூட்டத்திற்குச் சென்று, எந்தப் பாடத்திற்கு ஆசிரியர் இல்லை, எத்தனை பாடவேளைகள் வீணே கழிகின்றன என்று அதிபரிடம் பணிவாகக் கேளுங்கள். அதிபருக்குத் துணையாக வலயக் கல்விப் பணிமனைக்கு எழுதுங்கள். ஒருவர் எழுதினாற் கடிதம். ஐம்பதுபேர் எழுதினால் அது ஊரின் குரல்.

வீட்டிலும் கடமையுண்டு. ரியூசனுக்குப் பணம் கட்டுவதோடு அது முடிந்துவிடாது. எழுத்தறியாத தாயும், “இன்று படித்ததை வாசி, கேட்போம்” என்று பிள்ளையின் பக்கத்தில் அமரலாம். ஐந்தாந்தரப் புலமைப்பரிசிற் பரீட்சையிற் புள்ளி குறைந்த பிள்ளையை அயலவர்முன் ஏசாதிருப்பதும் பெரிய கல்விப்பணியே.

நான் கற்றது மிஷன் பாடசாலையொன்றில். பிள்ளை சிலநாள் வராவிடின் ஆசிரியர் வீட்டுக்கே வந்து விசாரிப்பது அங்கு வழக்கம். நல்லது எங்கிருந்தாலும் எடுத்துக்கொள்வோம். ஆசிரியர் வரும்வரை காத்திராது நாமே ஆசிரியரிடஞ் செல்வோம்.

பெரியோர்களே! கோயில் திருவிழாவில் ஒவ்வொரு நாளுக்கும் உபயகாரர் உண்டு. தேரன்று வடம்பிடிக்க ஊரே திரளுகிறது. பள்ளிக்கூடக் கூட்டத்திற்கோ பத்துப்பேர் வருகின்றனர். வாசிகசாலைக்கு ஓர் உபயம், விஞ்ஞான அறைக்கு ஓர் உபயம் என்று ஏற்க நமக்கு என்ன தடை? இளைஞர்களாகிய நாமும், பல்கலைக்கழக விடுமுறையில் ஊருக்கு வரும்போது, ஆசிரியரில்லாத வகுப்புகளுக்குக் கணிதமும் ஆங்கிலமும் சொல்லிக்கொடுக்கலாம். இச்சங்கம் இவ்வாண்டே ஒரு பாடசாலையைத் தெரிந்து இப்பணியைத் தொடங்கவேண்டுமெனக் கேட்டுக்கொள்கிறேன்.

பள்ளிக்கூடம் அரசாங்கத்தினுடையதாக இருக்கலாம். அங்கிருக்கும் பிள்ளைகள் நம்முடையவர்கள்.