தாயம் விழாத பெண்

(ஏற்காட்டில் கணித ஆசிரியர்களுக்கான குறுவள மையக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



சேர்வராயன் மலையில் மழைக்காலத்தில் பணியாற்றியவர்களுக்குத் தெரியும். பனிமூட்டம் இறங்கினால் விளையாட்டு மைதானம் மறைந்துவிடும். அன்றைய விளையாட்டுப் பாடவேளை வகுப்பறைக்குள்தான். அப்படி ஒரு நாளில் ஒன்பதாம் வகுப்பு மாணவன் ஒருவன் தன் அண்ணனின் கைப்பேசி விளையாட்டைப் பற்றிச் சொன்னான். பகடை உருட்ட வேண்டும், விழுந்த எண்ணைக் கொண்டு எதிரியைச் சமாளிக்க வேண்டும். "செத்தா மறுபடி முதல்லேர்ந்து சார். எவ்வளவு தூரம் போயிருந்தாலும் அப்படித்தான்" என்றான். "எத்தனை முறை செத்தாய்?" என்று கேட்டேன். "எண்ணவே இல்லை சார்" என்று சிரித்தான்.

கணக்குத் தேர்வில் ஒருமுறை தோற்றதும் நோட்டை மூடிவிட்ட பையன் அவன். அங்கே எண்ணாமல் தோற்கிறவன், இங்கே ஒரே தோல்வியில் ஏன் நின்றுவிட்டான்? இந்தக் கேள்வி என்னைவிட்டுப் போகவில்லை.

இவ்வகை விளையாட்டுகளுக்கு 'ரோக்லைக்' என்று பெயர். 1980இல் அமெரிக்காவில் மைக்கேல் டாய், கிளென் விக்மன் என்ற இரு மாணவர்கள் உருவாக்கிய 'ரோக்' என்ற விளையாட்டிலிருந்து வந்த பெயர் அது. ஒவ்வொரு முறையும் பாதை புதிதாக அமையும். இறந்தால் ஆட்டம் முடிந்தது. 2019இல் டெர்ரி கேவனா வெளியிட்ட 'டைசி டஞ்சன்ஸ்' அதைப் பகடையோடு சேர்த்தது. அதில் பகடை முதலில் விழும். எந்தப் பகடையை எந்தக் கருவியில் வைப்பது என்பதைப் பிறகு நாம் முடிவு செய்ய வேண்டும்.

இதைக் கேட்டதும் எனக்கு நம் தாயம்தான் நினைவுக்கு வந்தது. நிகழ்தகவுப் பாடத்தைத் தாயத்தில் தொடங்கலாம் என்று பித்தளைத் தாயக்கட்டைகளோடு வகுப்புக்குப் போனேன். தரையில் சுண்ணாம்புக்கட்டியால் கட்டம் போட்டோம். 30 பேர், சிறு சிறு குழுக்கள். வழக்கமான விதிதான்: தாயம் விழுந்தால்தான் காய் உள்ளே நுழையும்.

மணி அடித்தபோது ஒரு மாணவி காயைக் கையிலேயே வைத்திருந்தாள். அவளுக்குத் தாயம் விழவே இல்லை. மலைக்கிராமத்திலிருந்து நடந்து வருகிறவள். "எனக்கு எதுவுமே விழாது சார். கணக்கும் அப்படித்தான்" என்றாள். மறுநாள் கடைசி வரிசைக்குப் போய்விட்டாள்.

அன்றிரவு நான் கணக்குப் போட்டேன். ஒவ்வொரு கட்டைக்கும் நான்கு முகம்: வெறுமை, ஒன்று, இரண்டு, மூன்று. இரண்டு கட்டைக்கும் சேர்த்துக் கூறுவெளியில் 16 விளைவுகள். தாயம் விழ ஒன்றில் ஒன்றும் மற்றதில் வெறுமையும் வேண்டும். அதற்கு இரண்டே வழி. ஆக, நிகழ்தகவு எட்டில் ஒன்று. ஒரு பாடவேளையில் ஒருவர் ஏறக்குறைய 12 முறை உருட்டியிருப்பார். 12 முறையும் தாயம் விழாமல் போக வாய்ப்பு சுமார் ஐந்தில் ஒன்று. அதாவது 30 பேர் ஆடினால், சராசரியாக ஆறு பேர் ஒரு காயைக்கூட நகர்த்தாமல் எழுந்துபோக வேண்டியதுதான்.

தமிழில் விதி என்றால் தலையெழுத்தும்தான், ஆட்டத்தின் ஒழுங்கும்தான். அவள் தன் தலைவிதி என்று நினைத்தாள். உண்மையில் அவளை வெளியே உட்கார வைத்தது நான் போட்ட விதி.

மறுநாள் அந்த 16 விளைவுகளையும் அட்டவணையாக எழுதச் சொன்னேன். மூன்று விழ நான்கு வழி. இரண்டு, நான்கு இவற்றுக்கு மும்மூன்று. ஒன்று, ஐந்து இவற்றுக்கு இவ்விரண்டு. ஆறுக்கும் பன்னிரண்டுக்கும் ஒவ்வொன்று. "ஏழு தடவை விழலைன்னா எட்டாவது தடவை விழும்தானே?" என்று ஒருவன் கேட்டான். முன்பு விழுந்தது கட்டைக்கு நினைவிருக்காது என்பதை உருட்டி உருட்டித்தான் நம்பினார்கள். அப்போது கடைசி வரிசையிலிருந்து அவள் குரல் வந்தது: "சார், ஐந்தும் ரெண்டு வழியில வருதே. அதுக்கும் கதவைத் திறந்தா என்ன?"

போட்டுப் பார்த்தோம். தாயமோ ஐந்தோ விழுந்தால் நுழையலாம் என்றால் வாய்ப்பு நான்கில் ஒன்று. 12 உருட்டலுக்குப் பிறகும் வெளியே நிற்பவர் 30 பேரில் சராசரியாக ஒருவரே. அந்த விதியோடு அன்று ஆடினோம். அவளுடைய காய் இறங்கியது, வெட்டும் பட்டது. மறுபடி இறக்கினாள்.

இதிலிருந்து நான் கற்றதை மூன்று ஆட்டங்களை வைத்துச் சொல்கிறேன். பரமபதத்தில் நாம் தேர்ந்தெடுக்க ஒன்றுமே இல்லை. விழுந்தபடி ஏணி, விழுந்தபடி பாம்பு. ஆடுபுலியில் அதிர்ஷ்டமே இல்லை. கைதேர்ந்தவரோடு ஆடினால் புதியவர் தோற்றுக்கொண்டே இருப்பார். தாயம் இரண்டுக்கும் நடுவே நிற்கிறது. மூன்று விழுந்தால், எதிரியின் காயை வெட்டுவதா, வெட்ட முடியாத கட்டத்துக்குப் போய்ப் பதுங்குவதா, பழமாகப் போகும் காயை நகர்த்துவதா என்பது நம் கையில். விழுவது நம் கையில் இல்லை. விழுந்ததை வைத்து ஆடுவது நம் கையில். தோற்றவனுக்கு அடுத்த முறை வேறு மாதிரி ஆடலாம் என்று தோன்றுகிறது. அதனால்தான் அந்தப் பையன் எண்ணாமல் தோற்கிறான்.

என் வகுப்பில் பாதிப் பேருக்குக் கணக்குத் தேர்வு பரமபதமாகவும், மீதிப் பேருக்கு ஆடுபுலியாகவும் இருந்திருக்கிறது. பிறகு சிலவற்றை மாற்றினேன். பெரிய தேர்வுக்கு முன் வாரம் ஒரு சிறு தேர்வு, ஐந்தே கேள்விகள். தோற்றால் மறுவாரம் புதுக் கேள்விகளோடு மீண்டும் எழுதலாம். பழைய மதிப்பெண் கூடவே வராது. முதல் கேள்வி எல்லோரும் நுழையக்கூடிய கதவு. ஐந்தாவது கேள்வி கடினமாகவே இருக்கும். அதை எளிதாக்கிய வாரம் பிள்ளைகளே முகம் சுளித்தார்கள். தேர்வுக்குப் பின் நோட்டில் இரண்டு பத்தி: 'எனக்கு விழுந்தது', 'நான் தேர்ந்தது'. படிக்காத பகுதியிலிருந்து கேள்வி வந்தது எந்தப் பத்தியில் வரும் என்று ஒரு பாடவேளை முழுக்க விவாதம் நடந்தது. அந்த விவாதம் எனக்கு எந்தப் பாடத்தையும்விடப் பயன்பட்டது.

ஓர் எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். பிள்ளைகளுக்கு நேர்வதையெல்லாம் பகடை என்று நாம் ஒதுக்கிவிடக் கூடாது. காப்பிப் பழம் பறிக்கும் பருவத்தில் தம்பியைப் பார்த்துக்கொள்ள வீட்டில் நிற்கும் பெண்ணும், காலைப் பேருந்து இல்லாததால் முதல் பாடவேளையை இழக்கும் பையனும் அதிர்ஷ்டம் இல்லாதவர்கள் அல்லர். அவை யாரோ போட்ட விதிகள். சிலவற்றை நம்மால் மாற்ற முடியாது. முதல் பாடவேளையில் கணக்கை வைக்காமல் இருப்பது நம்மால் முடியும். நான் அதைக் கேட்டு வாங்கினேன்.

அந்த மாணவி இப்போது பத்தாம் வகுப்பு. கணக்கில் முதல் மாணவி என்று சொல்ல நான் வரவில்லை. சென்ற வாரச் சிறு தேர்வில் ஐந்தில் இரண்டு. தாளை வாங்கிக்கொண்டு, "அடுத்த வாரம் மறுபடி எழுதுறேன் சார்" என்றாள்.

உங்கள் வகுப்பில் இன்னும் காயைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவர் யார் என்று நாளைக் காலை ஒருமுறை பாருங்கள்.