கடற்கரைக் கிராமங்களில் பிள்ளைகளின் கோடை முகாம்

(கூட்டுறவுச் சங்க அங்கத்தினர் கூட்டத்தில் நிகழ்த்திய பிரசங்கம்)



முகாம் என்னும் சொல் இக்கரையோரத்திற்குப் புதிதன்று. இலங்கைத் தோட்டங்களுக்குச் சென்ற தொழிலாளர்களை நோய்த் தடைக்காக நிறுத்தி வைத்த இடமே ‘மண்டபம் காம்ப்’ என்று ரயில் நிலையத்திற்கும் பெயராயிற்று. 1983-ஆம் வருஷத்துக் கலவரத்திற்குப் பின் இலங்கை அகதிகளும் அங்கே தங்க நேர்ந்தது. ஆகவே, முகாம் என்றால் வேறு போக்கில்லாதவர் காத்துக் கிடக்கும் இடம் என்ற எண்ணம் இங்கே உண்டாவது இயல்பே. பிள்ளைகளின் கோடை முகாமோ இதற்கு நேர்மாறானது. விரும்பிச் சேர்ந்து, கூடி உழைத்து, கூடி உண்டு, கற்கும் இடம் அது.

அதன் சரித்திரம் சுருக்கமானது. 1876-இல் ஸ்விட்ஸர்லாந்தில் ஸூரிச் நகரத்துப் பாதிரியாரான வால்டர் பியோன் என்பவர், 68 ஏழைக் குழந்தைகளை விடுமுறையில் அப்பென்ஸெல் மலைநாட்டிற்கு அழைத்துச் சென்றார். 1907 ஆகஸ்டு மாதத்தில் பேடன் பவல் துரை இங்கிலாந்தின் பிரௌன்ஸீ தீவில் சுமார் 20 சிறுவர்களுடன் முகாமிட்டார். செல்வர் வீட்டுப் பிள்ளைகளும் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகளும் அதில் கலந்திருந்தனர். சிறு அணிகளாகப் பிரிந்து, அணிக்கொரு தலைவனின் கீழ் நடந்தனர். சாரணர் இயக்கம் இதிலிருந்து எழுந்தது. சென்னையில் அன்னி பெஸண்ட் அம்மையார் இந்தியச் சிறுவர்களுக்கென்றே ஒரு சாரணர் சங்கம் கண்டார். 1969-இல் 37 பல்கலைக்கழகங்களில் தொடங்கிய நாட்டு நலப்பணித் திட்டம் மாணவர்களைக் கிராமங்களில் முகாமிடச் செய்தது.

இவற்றுட் பல, நகரத்தாரை நாட்டுப்புறத்திற்குக் கொண்டு வந்தவை. கடற்கரைப் பிள்ளைக்கோ திறந்த வெளியும் கடற்காற்றும் எந்நாளும் உண்டு. கோடையில் அவனுக்குக் குறைவது வேறு.

கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகள் கடலுக்குச் செல்லலாகாது. பள்ளி விடுமுறையும் அக்காலத்திலேயே வருகிறது. பள்ளியின் மதிய உணவும் நின்றுவிடுகிறது. வீட்டில் வரவு நின்ற மாதத்தில் பிள்ளையின் பகற்சோறும் வீட்டுச் செலவில் சேருகிறது. சாயல்குடிப் பக்கத்திலோ அது பதநீர்ப் பருவம். பனைத் தொழிலாளர் பிள்ளைகளுடன் பனங்காட்டுக் குடிசைக்குச் சென்றுவிடுவர். இரண்டு மாதம் கரிமூட்டத்திற்கோ மீன் கம்பெனிக்கோ கூலிக்குச் சென்ற பையன், கையிற் காசு கண்டபின் ஜூனில் பள்ளிக்குத் திரும்பாமற் போவதுண்டு. பெண்பிள்ளையின் படிப்பு நின்றால் கேட்பாரும் குறைவு. கோடையில் நேரும் பெரு நஷ்டம் இதுவே.

இதைத் தடுக்கச் சங்கத்தால் ஆகும். பெருந்தொகை வேண்டுவதில்லை. சங்கக் கட்டடமோ பள்ளித் தாழ்வாரமோ போதும். வீட்டுக்கு வீடு பிடியரிசி சேர்த்தால் ஒரு வேளை உணவு நடக்கும். தடைக்காலத்தில் கரையில் இருக்கும் தந்தையரே ஆசிரியர். வலை பின்னல், கயிற்று முடிச்சு, வாடை, கொண்டல், கச்சான் என்னும் காற்றுகளின் குணம் ஆகியவற்றை அவர்களினும் நன்கு அறிந்தவர் யார்? பாசி எடுக்கும் தாய்மார் கடற்பாசியின் வகைகளைக் காட்டலாம். எழுத்தும் கணக்கும் உபாத்தியாயர் பொறுப்பு. அக்கினி நட்சத்திர வெயிலுக்கு அஞ்சி, வெளிவேலை காலை ஒன்பது மணிக்குள் முடிதல் நலம். நீச்சற் பயிற்சி, தேர்ந்த பெரியவர் இருவரேனும் அருகில் நின்றாலன்றி நடத்தலாகாது.

அரிசி வரவு, செலவு, மீதி ஆகியவற்றைப் பிள்ளைகளே எழுதி, வாரந்தோறும் படித்துக் காட்டட்டும். ஒரே பானைச் சோற்றைப் பங்கிட்டு, கணக்கையும் பலரறிய வைப்பதே கூட்டுறவின் முதற்பாடம். நாளைய அங்கத்தினர் இவ்வாறே உருவாகின்றனர்.

முகாமின் பலனைக் கணக்கிடும் நாள் அதன் நிறைவு விழாவன்று; ஜூனில் பள்ளி திறக்கும் நாளே. அன்று சங்கத்தார் முகாம்ப் பதிவேட்டைப் பள்ளிக்கு எடுத்துச் சென்று, பெயர் பெயராக ஒத்துப் பார்க்கவேண்டும். வராத பிள்ளையின் வீட்டிற்கு அன்று மாலையே இருவர் செல்லவேண்டும். அந்த நடையோடுதான் முகாம் முற்றுப்பெறும்.